மூன்று வாளிகள்

கிங்ஸ்டனில் கல் பழையது.
ஏரிக்குப் பக்கத்துத் தெருவெல்லாம் சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல்,
மழை நனைத்தால் நீலம்.
அந்தக் கல்லுக்கு நடுவே போன வருடம்
ஒரு கண்ணாடி வந்து நின்றது:
நூலகம், கூட்ட அறை, மேலே மிதக்கும் கூரை.
மிதக்கும் என்று பத்திரிகை எழுதியது.
நான் அதற்குக் கீழே வாளி வைப்பவன்.

ஒன்று நீல வாளி.
ஒன்று பெயின்ட் வந்த வாளி.
மூன்றாவது யாரோ விட்டுப்போன ஐஸ்கிரீம் டப்பா.
ஏரிக்காற்றோடு மழை வந்தால் கவிதைப் புத்தகங்கள் மேல் சொட்டும்.
வடக்கிலிருந்து வந்தால் வரிச்சட்டம்.
ஏப்ரலில் பனி இளகும்போது
பாரபட்சமில்லை.

கூரைக்குக் கிடைத்த விருது
வரவேற்பு மேசையில் இருக்கிறது, கண்ணாடியில்,
கூர்முனையோடு.
அதையும் நான்தான் துடைக்கிறேன்.

வெதரால் என்று ஒருவர்.
இந்தக் கட்டடம் வேண்டாமென்று
ஆயிரத்து நூறு கையெழுத்து வாங்கியவர்.
இப்போது ஒன்பது மணிக்குக் கதவு திறக்க முன்பே
வாசலில் நிற்கிறார்.
இரண்டாம் மாடி, ஜன்னலோர நாற்காலி,
எதிரே பழைய வங்கியின் சுவர்.
"அறுபது வருடமாய் அதை உரசிக்கொண்டு நடந்திருக்கிறேன்,
முழுசாய் இப்போதுதான் பார்க்கிறேன்" என்றார் ஒருநாள்.
உடனே,
கையெழுத்து கையெழுத்துத்தான் என்றும் சொன்னார்.

நவம்பரில் கட்டடக்கலைஞர் வந்தார்,
மொன்றியலிலிருந்து, சோலாஞ்ச் துமே.
சொட்டுக்கு நேரே நின்று
உள்ளங்கையை நீட்டினார்.
மூன்று சொட்டு வாங்கும்வரை பேசவில்லை.
பிறகு, நகரசபை மலிவான ரப்பர் பூசியதென்றார்.
வரைபடத்தில் ஒழுகவில்லை என்றார்.
வரைபடத்தில் மழையும் இல்லையே
என்று நான் சொல்லவில்லை. வேலை வேண்டும்.

இதற்கு உன் மொழியில் என்ன சொல்?
ஒழுக்கு, என்றேன்.
பழைய அட்டையின் பின்புறம் எழுதிக் காட்டினேன்.
வாலைக் கொஞ்சம் மாற்றினால் ஒழுக்கம்.
ஒழுகுவது நீர், ஒழுகுவது மனிதர்.
ஒரு கூரை நன்றாய் ஒழுகுகிறது என்றால்
புகாரா பாராட்டா என்று
எங்களுக்கே விளங்காது.
அவர் சிரிக்கவில்லை.
அட்டையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஜனவரி, மைனஸ் இருபத்தெட்டு.
படுக்க இடமில்லாதவர்களுக்காக
இரவெல்லாம் திறந்து வைக்கச் சொன்னது நகரசபை.
இருபத்துமூன்று பேர்.
அலமாரிகளுக்கு இடையே பாய்கள்,
பாய்களுக்கு இடையே என் வாளிகள்.
ஆட்கள் கூடக் கூட உள்ளே சூடு கூடியது,
சூடு கூடக் கூட மேலே பனி இளகியது.
அவர்களின் மூச்சே கூரைக்குப் போய்
அவர்கள் மேலேயே இறங்கியது போல.
டக்.
டக்.
யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள்.
டக்.

நான் டப்பாவைக் கொஞ்சம் நகர்த்தினேன், பிரயோசனமில்லை.
ரொஷெல் என்ற பெண் எழுந்தாள்.
இடது காலுறையைக் கழற்றி, சுருட்டி,
நீல வாளியின் அடியில் போட்டாள்.
திரும்பிப் போய்
ஒற்றைக் கால் போர்வைக்கு வெளியே தெரியப் படுத்தாள்.

அதன்பிறகு சொட்டியது.
சத்தம் கேட்கவில்லை.
நான் நாற்காலியில் உட்கார்ந்து
இருபத்துமூன்று குறட்டைகளையும் தனித்தனியே கேட்டேன்.
கூரையைப் பார்த்தேன். முதல்முறையாக,
வாளி எங்கே வைப்பதென்று யோசிக்காமல்.

ஆறு மணிக்கு எல்லோரும் போனார்கள்.
காலுறையை மறந்துவிட்டாள்.
பிழிந்தேன். காயப்போட இடம் தேடினேன்.
அந்த விருதின் கூர்முனை வசதியாக இருந்தது.

ஒன்பது மணிக்கு வெதரால் வந்தார்.
மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
தொப்பியில் ஒட்டிய பனியை
வெளியே போய்த் தட்டிவிட்டு வந்து
மாடி ஏறினார்.